ஜெய்சல்மேர் போகிறவர்கள் கோட்டைக்குள் அறை எடுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன் தங்கள் ஞாயிறு இணைப்பில் ராஜஸ்தானின் பாலைவன ஊரான ஜெய்சல்மேர் பற்றி ஒரு பயணக் கட்டுரை வந்திருந்தது. நானும் என் மனைவியும் சென்ற ஜனவரியில்தான் அங்கே ஐந்து இரவு தங்கிவிட்டு வந்தோம். அதனால் காபியை ஆறவிட்டு, "இந்தத் திருப்பத்தில்தானே ஆட்டோ நின்றது" என்று ஒவ்வொரு படமாகப் பார்த்துப் பேசிக்கொண்டே படித்தோம். எழுதியவர் ஊரை அனுபவித்து எழுதியிருக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் கடைசிப் பத்தியில், தங்குவதென்றால் கோட்டைக்குள்ளேயே அறை எடுங்கள், அந்த அனுபவம் வேறெங்கும் கிடைக்காது என்று ஒரு யோசனை சொல்லியிருந்தார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் கும்பகோணத்துக்காரன். குடிநீர், வடிகால் வேலையில் 31 வருஷம் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். குழாய் எங்கே கசியும், கசிந்த தண்ணீர் எந்த வழியாகப் போகும், போய் எதைக் கெடுக்கும் என்று பார்ப்பதிலேயே என் காலம் போனது. ஊர் சுற்றப் போன இடத்திலும் அந்தக் கண் மாறவில்லை.

மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரை ஒட்டிய பகத் கி கோத்திக்கு வாரம் ஒரு ரயில் ஓடுகிறது. காவிரிப் படுகையில் ஏறி உட்கார்ந்தால் வண்டி மாறாமல் தார் பாலைவனத்தின் வாசலில் இறங்கலாம். பத்து வருஷமாக அந்த ரயிலைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் ஏறிவிட வேண்டும் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏறினோம். ஜோத்பூரில் ஒரு நாள் ஓய்வு எடுத்துக்கொண்டு, மறுநாள் ஜெய்சல்மேர் ரயிலைப் பிடித்தோம். போக்ரான் தாண்டிய பிறகு ஜன்னலுக்கு வெளியே வேலமரமும் முள்ளுச் செடியும்தான். சாயங்காலம் ஊர் நெருங்கும்போது தூரத்தில் அந்தக் கோட்டை தெரிந்தது பாருங்கள், வெயில் பட்டு மஞ்சளாக, தரையிலிருந்தே முளைத்து வந்தது போல. மனைவி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

அறைகளைப் பதிவு செய்தது பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள். போனில் படங்களைக் காட்டி, "அப்பா, கோட்டைக்குள்ளேயே பழைய வீடு, ஜன்னல் திண்டில் உட்கார்ந்தால் பாலைவனம் தெரியும், மூணு நாளைக்குப் போட்டுட்டேன்" என்றாள். சரி என்று சொன்னவன் நான்தான். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

வீடு அழகாகத்தான் இருந்தது. செதுக்கு வேலை செய்த கல் ஜன்னல், கண்ணாடி பதித்த திண்டு மெத்தை, வாசலில் கோலம் போல வெள்ளைச் சுண்ணாம்புச் சித்திரம். விடுதிக்காரர் இளைஞர், மரியாதையானவர், எங்கள் பெட்டியை அவரே தூக்கி வந்தார். மனைவி சிறுவயதில் ராஷ்ட்ரபாஷா வரைக்கும் இந்திப் பரீட்சை எழுதியவள் என்பதால் பேச்சுக்குப் பஞ்சமில்லை. இஞ்சி தட்டிப் போட்ட டீ வந்தது. எல்லாம் முடிந்து படுக்கப் போகும்போதுதான் கட்டிலின் தலைமாட்டுச் சுவரைக் கவனித்தேன். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை ஓதம் ஏறியிருந்தது. வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரலால் தேய்த்தேன், கல் மாவாக உதிர்ந்தது.

நம் ஊரில் ஓதம் ஏறிய சுவரைப் பார்த்தால் ஒருவரும் திடுக்கிட மாட்டார்கள். ஐப்பசி கார்த்திகையில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் ஜெய்சல்மேரில் வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைச் சேர்த்தால் சுமார் 20 சென்டிமீட்டர். நம் டெல்டாவில் ஒரு புயல் நாளில் அவ்வளவு கொட்டியதை நான் அளந்திருக்கிறேன். அதுவும் அங்கே பெய்வது பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில். நாங்கள் போனது ஜனவரி. மழை பெய்து மாதக்கணக்காகிவிட்ட ஊரில் சுவர் எப்படி நனையும்? எழுந்து போய்ப் பார்த்தேன். சுவருக்கு அந்தப்பக்கம் எங்கள் குளியலறை. கீசர், ஷவர், மேற்கத்தியக் கழிப்பறை, தரையோடு புதைத்த குழாய். தரை ஓடு ஒன்றின் ஓரத்தில் விரல்கடை அகலத்துக்குப் பிளவு.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. படுத்தபடியே கணக்குப் போட்டேன். கழிவுநீர்க் குழாய் உள்ள நகரங்களில் தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று வைத்துத் திட்டம் போடுவோம். சாதாரண ஓட்டல் என்றால் படுக்கைக்கு 180 லிட்டர். பத்து அறை உள்ள விடுதியில் இருபது பேர் தங்கினால் 3,600 லிட்டர். கொடுக்கிற தண்ணீரில் எண்பது சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது எங்கள் தொழிலில் வழக்கமான கணக்கு. அப்படியானால் அந்த ஒரு விடுதியிலிருந்து மட்டும் தினம் ஏறக்குறைய மூவாயிரம் லிட்டர், ஒரு மலையின் தலையிலிருந்து, சிந்தாமல் சிதறாமல் கீழே இறங்கியாக வேண்டும். அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு கசிந்தாலும் 150 லிட்டர். அது ஒரு விடுதி. அந்தச் சந்தில் மட்டும் நான் எண்ணிய விடுதிப் பலகைகள் ஏழு.

அந்த மலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் இந்தக் கணக்கின் பாரம் புரியும். 1156இல் ராவல் ஜெய்சல் என்ற, பாட்டி (Bhati) எனும் ராஜபுத்திரக் குலத்து அரசர், பழைய தலைநகரான லோதுர்வாவை விட்டுவந்து திரிகூட மலைமேல் இந்தக் கோட்டையைக் கட்டினார். மலை என்றால் நம் திருச்சி மலைக்கோட்டை போல ஒரே கருங்கல் பாறை என்று நினைத்துவிடக் கூடாது. சுற்றுத் தரையிலிருந்து சுமார் 250 அடி உயரம், மென்மையான மணற்கல்லும் களிமண்ணும் உதிரிக்கல்லும் அடுக்கடுக்காக அமைந்த குன்று. கீழே உள்ள வெளிமதில் எதிரியைத் தடுக்க மட்டும் கட்டியதில்லை, அந்த உதிரி மண்ணைச் சரியாமல் பிடித்து நிற்பதும் அதுதான். எங்கள் பாஷையில் சொன்னால் அது ஒரு தாங்குசுவர். தாங்குசுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால் மண்ணின் பாரத்தோடு தண்ணீரின் தள்ளுதலும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் சாலையோரத் தாங்குசுவர்களில் கூட வரிசையாகத் துளை விட்டுக் கட்டுகிறோம். இங்கே மதிலும் வீடுகளும் பெரும்பாலும் சாந்து இல்லாமல் கல்லோடு கல் பொருத்தி அடுக்கியவை. காய்ந்து கிடக்கும்வரை எண்ணூறு வருஷம் என்ன, இன்னும் பல நூறு வருஷம் நிற்கும். அடியில் இருக்கும் களிமண் நனைந்து ஊறி உப்பினால் நிற்காது. களிமண் வயலில் வீடு கட்டி, ஒவ்வொரு கோடையிலும் சுவர் வெடிப்பதைப் பார்க்கிற டெல்டாக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. மழைநீர் மலைமேல் ஒரு நிமிஷம்கூடத் தேங்காமல் நான்கு திசையிலும் வெளியே ஓடிவிட 'கூட் நாலி' என்று ஒரு வடிகால் அமைப்பை வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் அதன் மிச்சங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். சரிவு கொடுத்திருக்கும் நேர்த்தியைப் பார்க்க எனக்கு மெய் சிலிர்த்தது. ஆனால் அது வருஷத்தில் சில நாள் பெய்யும் மழைக்குச் செய்தது. தினமும், மூன்று வேளையும், முன்னூற்றறுபத்தைந்து நாளும் குழாயில் வருகிற தண்ணீருக்குச் செய்தது இல்லை. பல இடங்களில் மேலே தரை போட்டும் கட்டடம் எழுப்பியும் அதை அடைத்தும் விட்டார்கள்.

குழாய்த் தண்ணீர் அங்கே சமீபத்திய வரவு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஊரே கடீசர் ஏரியை நம்பித்தான் இருந்தது. பதினான்காம் நூற்றாண்டில் ராவல் கட்ஸி சிங் என்ற அரசர் திருத்திக் கட்டிய ஏரி. அங்கிருந்து பெண்கள் குடம் சுமந்து மலைமேல் ஏறியிருக்கிறார்கள். சுமந்து வந்த தண்ணீரை யாராவது தரையில் ஊற விடுவார்களா? குளித்த தண்ணீரிலேயே பாத்திரம் கழுவி, அதையே மாட்டுக்கு வைத்திருப்பார்கள். பிறகு இந்திரா காந்தி கால்வாய் வந்தது. பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் கூடுகிற ஹரிகே அணையிலிருந்து புறப்பட்டு, 649 கிலோமீட்டர் ஓடி, ஜெய்சல்மேர் மாவட்டத்தில் முடிகிறது. அதாவது ஜெய்சல்மேர் ஒரு கடைமடை, கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். அந்தச் சொல்லின் பாரம் என் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். இமயமலைத் தண்ணீர் அத்தனை தூரம் வந்து, அங்கே ஒரு ஷவர் வழியாகக் கோட்டையின் அஸ்திவாரத்தில் இறங்குகிறது என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இதெல்லாம் ஒரு ஓய்வுபெற்ற ஆளின் வீண் பயம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1990களிலேயே கோட்டையின் கொத்தளங்கள் சில சரிந்திருக்கின்றன. மதில் விழுந்து உயிர்ச்சேதமும் ஆகியிருக்கிறது. உலக நினைவுச்சின்ன நிதியம், ஆபத்தில் இருக்கும் சின்னங்கள் என்று வெளியிடும் பட்டியலில் ஜெய்சல்மேர் கோட்டையை 1996, 1998, 2000 என்று மூன்று முறை சேர்த்தது. 2001 ஜனவரி 26 குஜராத் பூகம்பத்திலும் கோட்டைக்குச் சேதம். தொல்லியல் துறையும் பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பும் வெளிநாட்டு அன்பர்களும் சேர்ந்து பல இடங்களைச் சீர் செய்திருக்கிறார்கள். கழிவுநீர்க் குழாய்களையும் மாற்றியிருக்கிறார்கள். 2013இல் சித்தோர்கர், கும்பல்கர், ரண்தம்போர், காக்ரோன், ஆம்பேர் கோட்டைகளோடு சேர்த்து இதையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதற்குப் பிறகும் 2024 ஆகஸ்ட் மழையில் மதிலின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. தங்கள் நாளிதழிலும் அந்தச் செய்தியைப் பார்த்த ஞாபகம் எனக்கு இருக்கிறது.

காலையில் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். "இன்னும் ரெண்டு ராத்திரி இங்க படுத்தா எனக்கு மனசு ஒப்பாது" என்றேன். அவள் ஒரு நிமிஷம் அந்த ஜன்னல் திண்டைப் பார்த்தாள், ஆசையாகத்தான் பார்த்தாள், பிறகு துணிகளை மடிக்க ஆரம்பித்துவிட்டாள். முன்பணத்தில் ஒரு நாள் வாடகை போயிற்று. அந்த இளைஞர் கோபப்படவில்லை. காரணத்தைக் கேட்டார். மனைவி இந்தியில் எடுத்துச் சொன்னாள். அவர் சொன்ன பதிலை இங்கே எழுதாமல் விட்டால் நான் நியாயமானவன் ஆக மாட்டேன். "பாபுஜி, எங்கள் தாத்தாவுக்குத் தாத்தா பிறந்த வீடு இது. இடியப் போகிறது என்றால் முதலில் அழுகிறவன் நான்தான். ஆனால் வருஷத்தில் ஐந்து மாதம்தான் ஆள் வருகிறது, அந்தப் பணத்தில்தான் சுவரையே பூசுகிறேன்" என்றார்.

அவர் சொன்னது என்னைத் தைத்தது. ஜெய்சல்மேர் கோட்டை வெறும் காட்சிப்பொருள் இல்லை. ஆயிரக்கணக்கான ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற ஊர். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஸ்கூட்டரில் கொத்தளத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். லட்சுமிநாத்ஜி கோயிலில் பூசை மணி கேட்கிறது. வாசலில் பாட்டிகள் பாசிப்பருப்பு புடைக்கிறார்கள். அந்த மக்களைக் கீழே இறக்கிவிட வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர்கள் குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் வேண்டும்தான், அது அவர்கள் உரிமை. ஆனால் வெளியூரிலிருந்து போகிற நாம், பயணக் களைப்பு தீர அரை மணி நேரம் ஷவரில் நிற்கிற நாம், அதே தண்ணீரை மலைக்குக் கீழே உள்ள அறையில் செலவழித்தால் கோட்டைக்கு ஒன்றும் ஆகாது. நம்மால் இறங்க முடியும். அவர்களால் முடியாது.

அப்படியானால் அவர்கள் பிழைப்பு? நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். கீழே தங்கினோம், ஆனால் மூன்று நாளும் மதியச் சாப்பாடு கோட்டைக்குள்தான் சாப்பிட்டோம். பாலைவனக் காய்களில் செய்த கேர் சாங்ரியும் கடலைமாவு உருண்டை போட்ட கட்டே குழம்பும் கம்பு ரொட்டியும் ஒரு வீட்டு மாடியில் அந்த வீட்டம்மாவே பரிமாறினார். வழிகாட்டியாகக் கோட்டைக்குள் குடியிருக்கும் பெரியவரையே அமர்த்திக்கொண்டோம், சமணக் கோயில்களில் அவர் சுட்டிக்காட்டியிருக்காவிட்டால் பாதிச் சிற்பம் எங்கள் கண்ணில் பட்டிருக்காது. மகளுக்குச் சேலை, பேரனுக்கு மரப்பாவை, எல்லாம் உள்ளே இருக்கும் கடைகளில் வாங்கினோம். அந்த விடுதிக்காரரிடமே இரண்டு முறை மொட்டை மாடியில் டீ குடித்தோம். அறை வாடகையை விட அதிகமாகவே கோட்டைக்குள் செலவழித்திருப்போம். டீக்கும் சாப்பாட்டுக்கும் ஆகிற தண்ணீர், குளியலறைத் தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு வருமா என்பது சந்தேகம்.

இன்னொன்று. கோட்டைக்குள் தங்கினால் கோட்டை தெரியாது. இதை யாரும் சொல்வதில்லை. உள்ளேயிருந்து பார்த்தால் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் தூரத்து மணலும்தான். நாங்கள் மாறிய விடுதி கடீசர் பக்கம், கோட்டைக்குத் தெற்கும் கிழக்குமான சந்துகளில் ஒன்றில். எட்டு அறைதான். மொட்டை மாடிக்குப் போனால் மதிலும் வட்ட வட்டக் கொத்தளங்களும் முழுசாக எதிரே நிற்கின்றன. மொத்தம் தொண்ணூற்றொன்பது என்பார்கள். விடியற்காலையில் சாம்பல் நிறம், எட்டு மணிக்கு வைக்கோல் நிறம், சாயங்காலம் தேன் நிறம். இரவில் விளக்குப் போடுகிறார்கள். மனைவி கம்பளியைப் போர்த்திக்கொண்டு இரண்டு இரவும் பத்து மணிவரை அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். வாடகை கோட்டைக்குள் கொடுத்ததைவிடக் குறைவு. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இன்னும் ஒரு சௌகரியம். கோட்டையின் நான்கு வாசல்களைத் தாண்டி ஏறும் அந்தக் கல் பாவிய பாதை செங்குத்தானது, வழவழப்பானது. எங்கள் வாடகைக் கார் அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. கீழே தங்கினால் அந்த ஏற்றத்தை ஒரு நாளைக்கு ஒரு தடவை ஏறினால் போதும்.

கடைத்தெருவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றால் காந்தி சௌக்கைச் சுற்றி நிறைய விடுதிகள் இருக்கின்றன. பழைய மாளிகைகளான பட்வா ஹவேலி, நத்மல் ஹவேலி, சாலிம் சிங் ஹவேலி மூன்றுக்கும் நடந்தே போகலாம். இரவில் கொஞ்சம் சத்தம் இருக்கும். வண்டி வைத்துக்கொண்டு தனோட் மாதா கோயில், லோங்கேவாலா என்று எல்லைப் பக்கம் போகிறவர்கள் ஊருக்குள் தங்குவதுதான் நல்லது, விடிவதற்குள் கிளம்ப வேண்டியிருக்கும்.

மணல்மேட்டில் ஒரு இரவாவது தங்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை இருக்கும். எங்களுக்கும் இருந்தது. இதில் இரண்டு வழி இருக்கிறது. ஊருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் சாம். அங்கே சாலையின் இருபுறமும் வெள்ளைக் கூடாரங்கள், எண்ண முடியாத அளவுக்கு. தெரிந்தவர் ஒருவர் குடும்பம் அங்கே தங்கியிருந்ததால் ஒரு மாலை போய்ப் பார்த்தோம். மங்கணியார் என்ற நாட்டுப்புறப் பாடகர்கள் கமாய்ச்சா என்ற நரம்பு வாத்தியத்தை வாசித்துப் பாட ஆரம்பித்தார்கள். அந்தக் குரலுக்கு ஈடே இல்லை. ஆனால் இரண்டாவது பாட்டு முடிவதற்குள் பக்கத்துக் கூடாரத்தில் சினிமாப் பாட்டை ஸ்பீக்கரில் அலறவிட்டார்கள். பாவம், அந்தப் பெரியவர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பக்கமெல்லாம் பாலைவனத் தேசியப் பூங்காவை ஒட்டிய நிலம். கானமயில் என்று நாம் சொல்கிற, அழிவின் விளிம்பில் இருக்கிற பறவைக்கு மிச்சமிருக்கிற வீடு அது. ஒரு காலத்தில் நம் தமிழ்நாட்டுப் புல்வெளிகளிலும் திரிந்த பறவை, இங்கே இப்போது பெயர் மட்டும்தான் இருக்கிறது. அங்கேயாவது அதற்கு இரவில் அமைதி கிடைக்க வேண்டாமா?

நாங்கள் நான்காவது இரவு தங்கியது தென்மேற்கில் இருக்கும் குரி கிராமத்தில். மண்சுவரும் புல்கூரையுமாக வட்டக் குடிசை. தரை சாணி மெழுகியது. குளிக்க ஒரு பக்கெட் வெந்நீர், அவ்வளவுதான். அந்த ஒரு பக்கெட்டில் இரண்டு பேர் குளித்தோம், ஒன்றும் குறையவில்லை. இரவு என் போன் 8 டிகிரி காட்டியது. இரண்டு ரஜாய் (பஞ்சு வைத்த போர்வை) போர்த்தியும் குளிர்ந்தது. மார்கழிக் குளிரையே குளிர் என்று நினைக்கும் நம்மவர்கள் கம்பளிக் குல்லாவும் காலுறையும் எடுக்காமல் போகக் கூடாது. வயதானவர்கள் மணலில் ஒரு இரவுக்கு மேல் திட்டம் போட வேண்டாம். ஆனால் அந்த ஒரு இரவில் வானத்தைப் பார்த்ததை நாங்கள் இருவரும் சாகும்வரை மறக்க மாட்டோம். ஐந்தாவது இரவு திரும்பவும் கடீசர் பக்கத்து அறைக்கே வந்துவிட்டோம்.

சாம் சாலையில் நீச்சல் குளத்தோடு பெரிய ரிசார்ட்டுகளும் இருக்கின்றன. குழந்தைகளோடு போகிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள் என்று தெரியும். அவை கோட்டைக்குத் தள்ளி இருப்பதால் மதிலுக்கு ஆபத்தில்லை. இருந்தாலும் 20 சென்டிமீட்டர் மழை பெய்கிற மண்ணில், கடைமடைத் தண்ணீரில் நீச்சல் குளம் என்பது எனக்கு உறுத்துகிறது. அதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறேன்.

பதிவு செய்யும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்ல வேண்டும். அறை வாடகை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், போனதும் ஒட்டகச் சவாரியை எங்களிடம்தான் எடுக்க வேண்டும் என்று வற்புறுத்துவார்கள். எடுக்காவிட்டால் முகம் மாறும். எங்களோடு ரயிலில் வந்த கோயம்புத்தூர்ப் பையன்கள் இரண்டு பேருக்கு இது நடந்தது. சவாரி கட்டாயமில்லைதானே என்று முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. அப்புறம், விடுதியின் முகவரியில் கோட்டை என்று பெயர் இருப்பதை மட்டும் வைத்து உள்ளேயா வெளியேயா என்று முடிவு செய்ய முடியாது. 'கோட்டைப் பார்வை' என்று பெயர் வைத்த விடுதி கீழேயும் இருக்கும், மேலேயும் இருக்கும். வரைபடத்தைப் பெரிதாக்கி, மதில் கோட்டுக்கு உட்புறமா வெளிப்புறமா என்று பார்த்துவிட வேண்டும். என் மகள் இப்போது தன் அலுவலக நண்பர்களுக்கெல்லாம் இப்படித்தான் பார்த்துக் கொடுக்கிறாள்.

கட்டுரை எழுதியவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நானும் ஒரு இரவு அங்கே தங்கியவன்தான், என் குளியல் தண்ணீரும் அந்தச் சுவருக்குள்தான் போயிருக்கிறது. ஆனால் தங்கள் நாளிதழின் பயணப் பக்கத்தை நம்பி அறை எடுக்கிற குடும்பங்கள் நிறைய. டிசம்பர், ஜனவரி விடுமுறைக்கு இப்போதே பதிவு செய்துகொண்டிருப்பார்கள். அடுத்த இணைப்பில், கோட்டையைப் பகலில் சுற்றிப் பாருங்கள், உள்ளே சாப்பிடுங்கள், கடைகளில் வாங்குங்கள், இரவு தங்க மட்டும் மதிலுக்கு வெளியே அறை எடுங்கள் என்று ஒரு சின்னக் கட்டம் போட்டு வெளியிட வேண்டுகிறேன். கீழிருந்து எடுத்த கோட்டையின் படம் ஒன்று, மொட்டை மாடியில் காலை எட்டு மணி வெயிலில் மனைவி எடுத்தது, இதோடு இணைத்திருக்கிறேன். பயன்படுத்திக்கொள்ளலாம், பெயர் போட வேண்டியதில்லை.

தங்கள்
ஓய்வுபெற்ற குடிநீர் வடிகால் பொறியாளர்,
கும்பகோணம்